கரிசல் மண்ணும் கவுண்டிக் கணக்கும்

ஏப்ரல் பாதி தாண்டியதும் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு கடிதம் வரும். கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகம் அனுப்புவது. (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பகுதி.) தலையிலேயே கொட்டை எழுத்தில் 'இது வரிச் சீட்டு அல்ல' என்று அச்சிட்டிருப்பார்கள். உண்மைதான், வரிச் சீட்டு அக்டோபரில்தான் வரும். ஆனால் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, 'அப்பாடா' என்று கடிதத்தை டிராயரில் போடுகிறவர்கள் ஏராளம். நான் இங்கே ஒரு மருந்துக் கடையில் ஃபார்மசிஸ்ட். அக்டோபரில் கவுண்டருக்கு வந்து இரத்த அழுத்த மாத்திரை வாங்கிக்கொண்டே வரியைப் பற்றிப் புலம்புகிறவர்களிடம், ஏப்ரலில் வந்த கடிதத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் விழிப்பார்கள்.

நாங்கள் இருப்பது டெக்சஸில், ஆஸ்டினிலிருந்து கிழக்கே போகும் சாலையில், ஒரு சின்ன கவுண்டி. என் கணவருக்கு இங்குள்ள மருத்துவமனையில் வேலை கிடைத்ததால் வந்தோம். சில ஆண்டுகள் வாடகைக்கு இருந்துவிட்டு, ஊருக்கு வெளியே 14 ஏக்கர் நிலத்தோடு ஒரு வீடு வாங்கினோம். அதற்கு அடுத்த ஆண்டு வந்த முதல் மதிப்பீட்டுக் கடிதம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வீடும் அது நிற்கும் ஒரு ஏக்கரும் சேர்த்து, முந்தைய உரிமையாளர் பெயரில் 3,05,000 டாலராக இருந்த மதிப்பு 3,86,000 ஆகியிருந்தது.

டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. இதைச் சொல்லித்தான் எல்லாரும் இங்கே வருகிறார்கள். அரசு என்ற ஒன்று இருந்தால் யாரிடமாவது வாங்கித்தானே ஆகவேண்டும்? இங்கே அது நிலத்திடமும் வீட்டிடமும் வாங்குகிறது. அதுவும் மாநில அரசு நேரடியாக வாங்குவதில்லை. மாநிலம் சொத்து வரி போடக் கூடாது என்று அரசமைப்பிலேயே இருக்கிறது. வாங்குவது பள்ளி மாவட்டம், கவுண்டி, நகரம், சில இடங்களில் மருத்துவமனை மாவட்டம், தீயணைப்பு ஆம்புலன்ஸ் மாவட்டம். ஒரே வீட்டுக்கு நாலைந்து பேர் தனித்தனியாக வரி போடுவார்கள். முன்பெல்லாம் இவர்கள் ஒவ்வொருவரும் அதே வீட்டுக்குத் தனித்தனியாக மதிப்பும் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1979-இல் ஒரு சட்டம் வந்து, கவுண்டிக்கு ஒரே மதிப்பீட்டு அலுவலகம் என்று ஆக்கியது. மாநிலத்தில் 254 கவுண்டிகள், 253 அலுவலகங்கள். வடக்கே பாட்டர், ராண்டல் என்ற இரண்டு கவுண்டிகள் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன.

இந்த அலுவலகத்தின் வேலை ஒன்றே ஒன்று. ஜனவரி 1 அன்று உங்கள் சொத்து சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று சொல்வது. வரி விகிதம் வைப்பது அவர்கள் வேலை இல்லை. அதனால் 'இவ்வளவு வரி என்னால் கட்ட முடியாது' என்று அங்கே போய் அழுதால், பாவம், கேட்டுக்கொள்வார்கள். எண்ணைக் குறைக்க அது உதவாது. எண் தப்பு என்று காட்டினால்தான் குறையும்.

சரி, அந்த எண் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் கிராமத்துக் கவுண்டியின் கதை பெருநகரக் கதையிலிருந்து பிரிகிறது.

ஹியூஸ்டனிலோ டாலஸிலோ ஒரே மாதிரி 200 வீடுகள் கட்டிய குடியிருப்பில் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து கைமாறும். கணினி சராசரி போட்டு ஒரு விலை சொன்னால் பெரும்பாலும் பக்கத்தில் வந்துவிடும். எங்கள் பக்கம் ஒரு வீடு 1940-இல் கட்டியது, அடுத்தது தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டு வந்து இறக்கியது, அதற்கடுத்தது ஆஸ்டினிலிருந்து வந்த ஒருவர் போன வருடம் கட்டிய மாளிகை. ஆண்டு முழுவதும் நாலைந்து மைல் சுற்றளவில் இரண்டு மூன்று விற்பனை நடந்தால் அதிகம்.

போதாக்குறைக்கு, டெக்சஸில் விற்ற விலையை அரசிடம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் பத்திரத்தில் குறைத்தாவது ஒரு விலையை எழுதியாக வேண்டும், வழிகாட்டி மதிப்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இங்கே கிரயப் பத்திரத்தில் 'பத்து டாலரும் இதர தகுந்த பிரதிபலனும்' என்று சம்பிரதாயமாக எழுதி முடித்துவிடுவார்கள். ஆனாலும் சந்தை மதிப்பைக் கண்டுபிடி என்று மதிப்பீட்டு அலுவலகத்துக்குச் சட்டம் கட்டளையிடுகிறது. அவர்கள் வாங்கியவர்களுக்கு 'எவ்வளவுக்கு வாங்கினீர்கள், தயவுசெய்து சொல்லுங்கள்' என்று கேள்வித்தாள் அனுப்புகிறார்கள். பதில் சொல்வது நம் இஷ்டம். ரியல் எஸ்டேட் ஏஜென்டுகளிடம் கேட்டுப் பார்க்கிறார்கள். மிச்சத்துக்கு ஒரு அட்டவணை: இந்தத் தரத்து வீட்டுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு, இத்தனை வருடத் தேய்மானத்துக்கு இவ்வளவு கழிவு, இந்தப் பகுதிக்கு இவ்வளவு கூட்டு. நிலத்துக்கும் அப்படியே. ஐந்து ஏக்கர் துண்டு என்றால் ஏக்கருக்கு ஒரு விலை, ஐம்பது ஏக்கர் என்றால் வேறு விலை. 2020-க்குப் பிறகு நகரத்திலிருந்து வந்தவர்கள் ஐந்து, பத்து ஏக்கர் துண்டுகளைக் கேட்ட விலைக்கு வாங்கினார்கள். அந்தச் சில விற்பனைகள் அட்டவணை முழுவதையும் தூக்கிவிட்டன. நாங்களும் அப்படி வந்தவர்களில் சேர்த்திதான், மறுக்கவில்லை.

இதற்குப் பின்னால் இன்னொரு கை இருக்கிறது. ஊரில் பலருக்கும் அது தெரியாது. மாநிலக் கணக்குத் துறைத் தலைவரின் அலுவலகம், ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தின் சொத்து மதிப்பையும் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தன் பங்குக்கு ஆராய்கிறது. உள்ளூர்க்காரர்கள் போட்ட மதிப்பு சந்தை மதிப்புக்கு 5 விழுக்காட்டு விளிம்புக்குள் இருந்தால் சரி. அதற்குக் கீழே இருந்தால், சில சலுகைக் காலங்களுக்குப் பிறகு, மாநிலம் தன் எண்ணையே எடுத்துக்கொள்ளும். விளைவு? பள்ளிக்கு மாநிலம் தரும் பணம், 'உங்கள் ஊரில் இவ்வளவு சொத்து இருக்கிறது' என்ற கணக்கை வைத்துக் குறைகிறது. ஆனால் அந்த உயர்ந்த மதிப்பில் ஊரில் வரி வசூலாகவில்லை. பள்ளிக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். எனவே சின்ன கவுண்டியின் தலைமை மதிப்பீட்டாளர், நம்மூர்க்காரர்தானே என்று மதிப்பைத் தாழ்த்தி வைத்தால், அவருடைய பேரன் படிக்கும் பள்ளிக்கே அடி விழும். விற்பனையே நடக்காத ஊரில் திடீரென்று எல்லாருக்கும் இருபது, முப்பது விழுக்காடு ஏறுவதற்குப் பல சமயம் இதுதான் காரணம். அலுவலகத்தில் இருப்பவர்கள் பேராசைக்காரர்கள் என்று காபிக் கடையில் பேசுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அவர்கள் மேலேயும் ஒருவர் ஸ்கேல் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

ஆனால் இதே காரணத்தால்தான் தனி வீட்டுக்காரருக்கு வழியும் பிறக்கிறது. அட்டவணை போட்டவர் உங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. தெருவில் காரை நிறுத்திப் பார்த்திருப்பார், அல்லது வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்திருப்பார். மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பதுதான் சட்டம். உள்ளே கூரை ஒழுகுகிறதா என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மதிப்பை எதிர்த்து முறையிட, இங்கே சொல்வது போலப் புரொடெஸ்ட் செய்ய, கடைசி நாள் மே 15, அல்லது கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இரண்டில் எது பிந்தியதோ அது. படிவத்தின் எண் 50-132. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். அதில் காரணங்களுக்குக் கட்டங்கள் இருக்கும். 'சந்தை மதிப்பைவிட அதிகம்' என்பதையும் 'மற்ற சொத்துகளோடு ஒப்பிட்டால் சமமாக இல்லை' என்பதையும் இரண்டையுமே டிக் செய்துவிட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டுப் பிறகு மறுஆய்வுக் குழுவின் விசாரணையில் அதைப் பேசப் போனால் முட்டுக்கட்டை போடுவார்கள்.

படிவத்தைப் போட்டுவிட்டு நான் முதலில் கேட்டு வாங்கியது எங்கள் வீட்டின் சொத்து அட்டை. ஒவ்வொரு வீட்டுக்கும் அலுவலகத்தில் இப்படி ஒன்று உண்டு. வீட்டின் தரம், வயது, ஒவ்வொரு பகுதியின் அளவு, கொட்டகை, கிணறு எல்லாம் அதில் இருக்கும். ஒரு சின்ன வரைபடமும் இருக்கும். வீட்டை அளந்து பார்த்தபோது, பின்பக்கத் தாழ்வாரத்தை வசிக்கும் இடமாகக் கணக்கிட்டிருந்தது தெரிந்தது. பழைய உரிமையாளர் கொசுவலை அடித்து மூடியிருந்தார், அவ்வளவுதான். ஹீட்டர் இல்லை, ஏசி இல்லை. அது 240 சதுர அடி. சதுர அடிக்குப் போட்டிருந்த விலையால் பெருக்கினால் கணிசமான தொகை.

அடுத்தது மண். நான் கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவள். வீடு வாங்கிய முதல் கோடையில் நிலத்தில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டபோது, அட, நம்மூர்க் கரிசல் என்று எனக்குப் பெருமைகூட வந்தது. ஹியூஸ்டன் பிளாக் என்று பெயர், டெக்சஸின் மாநில மண்ணே அதுதான். டாலஸ் பக்கமிருந்து சான் அன்டோனியோ வரை ஒரு பட்டையாக ஓடுகிறது. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், பருத்தி நன்றாக விளையும். மேலே கான்கிரீட் தளத்தில் வீடு கட்டினால் மட்டும் வினை. தளம் ஒரு பக்கம் இறங்கி, சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும், கதவுகள் மூடாது. எங்கள் வீட்டின் வடக்குப் பக்கம் அப்படித்தான். அடித்தளம் சரிசெய்யும் இரண்டு நிறுவனங்களை வரவழைத்து எழுத்தில் மதிப்பீடு வாங்கினேன். பழுது ஜனவரி 1-க்கு முன்பே இருந்தது என்று காட்ட வேண்டும், அதற்குப் பின் வந்த சேதம் அடுத்த ஆண்டுக் கணக்கு. நல்லவேளை, வாங்கும்போது எடுத்த பரிசோதனை அறிக்கையில் அந்த விரிசல்களின் படமும் தேதியும் இருந்தன.

இது எங்கள் ஊர்க்காரர்கள் பலர் கோட்டை விடும் இடம். நேரில் வந்து, 'வீடு மோசம், அடித்தளம் போச்சு' என்று வாயால் சொல்வார்கள். சொல்வது உண்மையாகவே இருக்கும். தாள் இல்லாத உண்மையை அவர்கள் எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

விசாரணைக்கு 14 நாள் முன்பாக, அலுவலகம் தன் தரப்பில் காட்டப்போகும் ஆதாரங்களைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்டும் தராததை அவர்கள் விசாரணையில் பயன்படுத்த முடியாது. இதை எழுத்தில் கேட்டேன். வந்த தாள்களில், எங்கள் வீட்டோடு ஒப்பிட்ட மூன்று விற்பனைகள் இருந்தன. ஒன்று நியாயம். ஒன்று நகரத் தண்ணீரும் சாக்கடையும் உள்ள தெருவில் இருந்தது, எங்களுக்குக் கிணறும் செப்டிக் தொட்டியும். மூன்றாவது கவுண்டியின் மறுகோடியில், ஏரிக்கரையில். ஏரிக்கரை வீட்டையும் வைக்கோல் காட்டு வீட்டையும் ஒரே தராசில் வைத்தது ஏன் என்று பார்த்தால், அந்த அளவில் வேறு வீடு விற்கவே இல்லை. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை.

விற்பனை விலை நமக்கும் தெரியாதே, எப்படி வாதாடுவது? அதற்குத்தான் 'சமமாக இல்லை' என்ற இரண்டாவது கட்டம். கவுண்டியில் உள்ள எல்லா வீடுகளுக்கும் அலுவலகம் போட்டிருக்கும் மதிப்பு இணையத்தில் திறந்து கிடக்கிறது. உங்கள் வீட்டைப் போன்ற, அதே வயது, அதே தரம், அருகில் உள்ள சில வீடுகளை எடுத்து, வேறுபாடுகளுக்குக் கூட்டிக் கழித்து, நடு எண்ணைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் மதிப்பு அந்த நடு எண்ணைத் தாண்டி நின்றால், சந்தை விலை என்னவாக இருந்தாலும் குறைக்க வேண்டும் என்பது சட்டம். விலையை மூடி வைக்கும் மாநிலத்தில் சாதாரணக் குடிமகனுக்கு இருக்கும் கூரான ஆயுதம் இதுதான் என்பது என் எண்ணம். (ஒரு எச்சரிக்கை: அந்த இணையதளத்தில் ஊரில் உள்ள எல்லார் வீட்டு மதிப்பும் பெயரோடு தெரியும். வரி வேலையாக உட்கார்ந்து, பல் டாக்டர் வீடு எவ்வளவு, போதகர் வீடு எவ்வளவு என்று பாதி ராத்திரி வரை பார்த்துக்கொண்டிருக்கும் அபாயம் உண்டு.)

விசாரணைக்கு முன்னால் அலுவலகத்திலேயே ஒரு சாதாரணப் பேச்சு நடக்கும். பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும். என்னோடு பேசிய மதிப்பீட்டாளர் எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் பெண்மணி. அவருடைய ஒவ்வாமை மருந்து எது என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டின் மதிப்பு என்ன என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் வானிலையில் ஆரம்பித்தோம். தாழ்வாரத்துப் படத்தைப் பார்த்ததும் மறுபேச்சு இல்லாமல் திருத்தினார். 3,62,000 என்றார். அடித்தளத்துக்கு, 'இந்த மண்ணில் எல்லார் வீட்டுக்கும்தான் அந்தப் பிரச்சினை, அட்டவணையிலேயே அது சேர்ந்திருக்கிறது' என்றார். ஒரு வகையில் நல்ல பதில். எல்லார் வீட்டிலும் விரிசல் இருந்தால் சந்தை விலையே அந்த விரிசலோடுதான் இருக்கும். ஆனால் எல்லார் வீட்டுக் கதவும் மூடாமல் இல்லையே. ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அங்கே கதை முடிந்தது, அதற்கு மேல் போக முடியாது. நன்றி சொல்லிவிட்டு, மறுஆய்வுக் குழுவையும் பார்த்துவிடுகிறேன் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுவாரம் மருந்து வாங்க வந்தார்.

மறுஆய்வுக் குழு என்பது ஊர்க்காரர்கள் கொண்டது. அலுவலக ஊழியர்கள் அதில் இருக்க முடியாது. நாள்படி வாங்கிக்கொண்டு வருகிற, பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். எங்களைப் போன்ற சின்ன கவுண்டியில் அவர்களை நியமிப்பது மதிப்பீட்டு அலுவலகத்தின் இயக்குநர் குழு. அந்த இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பது பள்ளி, கவுண்டி, நகரம் போன்ற வரி வாங்கும் அமைப்புகள். 75,000 பேருக்கு மேல் உள்ள கவுண்டிகளில் 2024 முதல் இயக்குநர்களில் மூவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. காகிதத்தில் பார்த்தால் வரி வாங்குகிறவரே நடுவரையும் வைத்த மாதிரி இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கவும் இல்லை. நேரில் பார்த்தபோது அவர்கள் கேட்ட கேள்விகள் நேர்மையாகத்தான் இருந்தன. அதற்காக ஏற்பாடு சரியென்று ஆகிவிடாது.

வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். ஒலிப்பதிவு ஓடியது. எனக்குக் கிடைத்தது கால் மணி நேரம். முதலில் கேட்டது: உங்கள் கருத்தில் மதிப்பு எவ்வளவு? இதற்கு ஒரு எண் சொல்லியாக வேண்டும். 'குறைவாக இருக்க வேண்டும்' என்பது எண் ஆகாது. 3,30,000 என்றேன். அது எப்படி வந்தது என்று ஒரே பக்கத்தில் அட்டவணை, எல்லாருக்கும் ஒரு பிரதி. பின்னால் விரிசல் படங்கள், இரண்டு மதிப்பீடுகள், பரிசோதனை அறிக்கையின் பக்கம். ஏரிக்கரை வீட்டை ஒரு வரியில் சொன்னேன், குழுவில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார். அவருக்கு அந்த வீடு தெரிந்திருந்தது.

சட்டப்படி நிரூபிக்கும் பொறுப்பு அலுவலகத்தின் மீதுதான். தங்கள் எண் சரி என்று அவர்கள் காட்ட வேண்டும். ஆனால் எதிரே வெறுங்கையோடு ஒருவர் உட்கார்ந்தால், அட்டவணைப் பிரதி ஒன்றை நீட்டினாலே அவர்கள் காட்டியதாகிவிடும். எனக்கு முன்னால் போனவர் அப்படித்தான். பத்து நிமிடம் வாஷிங்டனைத் திட்டினார், வெளிநாட்டுக்குப் போகும் பணத்தைத் திட்டினார், அவர் வீட்டு மதிப்பு அப்படியே நின்றது. எங்களுக்கு 3,41,000 என்று முடிவு சொன்னார்கள். ஆணை பிறகு தபாலில் வந்தது. அதுவும் பிடிக்கவில்லை என்றால் 60 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம், அல்லது முன்பணம் கட்டி நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மொத்தம் 45,000 குறைந்தது. எங்கள் பகுதியில் எல்லா வரியும் சேர்ந்து நூறு டாலருக்கு 1.70 அளவில் வருகிறது. அதாவது எழுநூறு டாலருக்குச் சற்று மேல் மிச்சம். இதற்கா இவ்வளவு பாடு என்று என் கணவர் கேட்டார். முதல் ஆண்டின் மதிப்பு முக்கியம் என்று அவருக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு (மதிப்பில் ஒரு பகுதிக்கு வரி போடாமல் விடும் சலுகை) வாங்கிவிட்டால், அதற்கடுத்த ஆண்டிலிருந்து வரிக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது. அந்த 10 விழுக்காடு எந்த எண்ணின் மேல் ஏறுகிறது? முதல் ஆண்டு எண்ணின் மேல். அடிவாரம் தாழ்ந்தால் மேலே உள்ள படிகளும் தாழும். அதோடு, புரொடெஸ்டில் குறைத்த மதிப்பை அடுத்த ஆண்டே ஏற்ற வேண்டுமென்றால், அலுவலகம் தெளிவான, நம்ப வைக்கும் ஆதாரம் காட்ட வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பத்து, பதினைந்து வருடமாக அதே வீட்டில் இருப்பவர்களின் கடிதத்தில் இரண்டு எண்கள் இருக்கும். சந்தை மதிப்பு 3,80,000, வரம்பால் கட்டுப்பட்ட மதிப்பு 2,60,000 என்று. அவர்கள் மெனக்கெட்டு வந்து சந்தை மதிப்பை 3,50,000 ஆக்கினாலும் அந்த ஆண்டு வரியில் ஒரு செண்டு குறையாது. இரண்டில் எந்த எண் தன்னைக் கடிக்கிறது என்று பார்க்காமலே வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால், பெரும்பாலானவர்களுக்குப் புரொடெஸ்டைவிட விலக்குகளில்தான் பணம் இருக்கிறது. பள்ளி வரிக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு 2023-இல் ஒரு லட்சம் டாலராக உயர்ந்தது. 2025 நவம்பரில் மக்கள் வாக்களித்து அதை 1,40,000 ஆக்கினார்கள். 65 வயது நிரம்பியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதன் மேல் இன்னொரு 60,000, போதாததற்குப் பள்ளி வரித் தொகையே அந்த ஆண்டோடு உறைந்துவிடும், வீட்டைப் பெரிதாக்கினால் தவிர ஏறாது. இதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. எங்கள் பக்கத்து நிலத்தில் தனியாக இருக்கும் பாட்டிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. கணவர் இருந்தவரை எல்லாத் தாளும் அவர் கையில். வயதுக்கான விலக்கு அவருடைய கணக்கில் ஏறவே இல்லை என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. வரி கட்டும் கெடு முடிந்த பிறகும் இரண்டு ஆண்டு வரை பின்னோக்கி விண்ணப்பிக்கலாம். ஓட்டுநர் உரிமத்தின் நகலோடு போய்க் கொடுத்தோம். அவருக்குத் திரும்பி வந்த தொகை எங்கள் எழுநூறைவிட எவ்வளவோ பெரிது. அவர் எங்களுக்கு ஒரு பெட்டி பீச் பழம் கொடுத்தார். இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கக் கடிதம் போலவே அச்சடித்து, 'உங்கள் விலக்கைப் பதிவு செய்து தருகிறோம்' என்று பணம் கேட்கும் தாள்கள் அஞ்சலில் வந்துகொண்டே இருக்கின்றன.

அப்புறம் மீதி 13 ஏக்கர். நிலத்தை விவசாயத்துக்குப் பயன்படுத்தினால், சந்தை விலையை விட்டுவிட்டு அது தரக்கூடிய விளைச்சலின் மதிப்பில் வரி போடுவார்கள். 1978-இல் அரசமைப்பில் திருத்தம் செய்து கொண்டுவந்த ஏற்பாடு. முந்தைய ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டு விவசாயம் நடந்திருக்க வேண்டும். நிலம் கைமாறினால் புதியவர் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், ஏப்ரல் முடிவதற்குள். எங்கள் நிலத்தில் ஒருவர் வைக்கோல் அறுத்துக்கொள்கிறார். சந்தையில் ஏக்கர் ஆயிரக்கணக்கில் போகும் நிலத்துக்கு, விளைச்சல் மதிப்பு ஏக்கருக்கு இருநூறு டாலரைக்கூடத் தொடவில்லை. பிறகு யாராவது அதில் மனை போட்டு விற்றால், மூன்று ஆண்டு வித்தியாச வரியைத் திரும்பக் கட்ட வேண்டும்.

ஐந்திலிருந்து இருபது ஏக்கர் வரை தேனீ வளர்த்தாலும் இந்தச் சலுகை உண்டு. ஆஸ்டினில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் ஆறு தேன்பெட்டிகளுக்கு முன்னால் படம் எடுத்துப் போடுகிறவர்களை நீங்கள் பார்த்திருந்தால், அந்தத் தேனுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். எங்களுக்கும் லாபமான ஏற்பாடு என்பதால் நான் இதைக் குறை சொல்வது கொஞ்சம் சங்கடம். ஆனாலும் சொல்கிறேன்: ஊருக்குள் கால் ஏக்கரில் பழைய டிரெயிலர் வீட்டை வாடகைக்கு எடுத்து இருப்பவருக்கு ஹோம்ஸ்டெட் விலக்கும் இல்லை, வைக்கோலும் இல்லை, தேனும் இல்லை. வீட்டுக்காரர் கட்டும் முழு வரியும் அவருடைய வாடகையில் இறங்குகிறது. எங்கள் கடையில் மருந்துக்குத் தவணை கேட்கிறவர்கள் அவர்கள்தான்.

நான் குறைத்துக்கொண்ட 45,000 எங்கே போனது என்பதையும் பார்க்க வேண்டும். கவுண்டிக்கு இவ்வளவு பணம் தேவை என்று முடிவானால், மொத்த மதிப்பு குறையக் குறைய விகிதம் ஏறும். நான் கட்டாததைக் கடிதத்தை டிராயரில் போட்டவர் கட்டுகிறார். அதனால் வரியின் அளவைப் பற்றிக் கோபம் இருந்தால் போக வேண்டிய இடம் வேறு. ஆகஸ்ட், செப்டம்பரில் கவுண்டியின் பட்ஜெட் கூட்டம் நடக்கும். கவுண்டி ஜட்ஜ் (பெயர்தான் ஜட்ஜ், கவுண்டி நிர்வாகத்தின் தலைவர்) ஒருவரும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்து விகிதத்தை முடிவு செய்வார்கள். பழைய சொத்துகளிடம் போன ஆண்டு வாங்கிய அதே பணத்தை மட்டும் தரும் விகிதம் எது என்று முதலில் கணக்கிட்டு அறிவிக்க வேண்டும். அதைவிட 3.5 விழுக்காட்டுக்கு மேல் அன்றாடச் செலவுக்கான வரி ஏறினால் பெரும்பாலும் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். 2019-இல் வந்த சட்டம்.

அந்த ஆண்டு கூட்டத்துக்குப் போனேன். மறுஆய்வு விசாரணைக்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே இல்லை. பேச எழுந்த ஒரே ஒருவரும் தன் வீட்டுப் பக்கம் சாலைக்கு ஜல்லி போடவில்லை என்றுதான் பேசினார். பிறகு ஒரு கமிஷனர் தீர்மானத்தை வாசித்தார். விகிதம் போன ஆண்டைவிடக் குறைந்திருந்தது, நூறு டாலருக்கு ஒரு செண்டுக்கும் மேல். எல்லார் மதிப்பும் ஏறியிருந்ததால், குறைந்த விகிதத்திலும் கவுண்டிக்குப் போன ஆண்டைவிட அதிகப் பணம் வரும். அப்படி இருந்தால் தீர்மானத்தை எந்த வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்பதைச் சட்டமே எழுதிக் கொடுத்திருக்கிறது. 'சொத்து வரி விகிதம் உயர்த்தப்பட வேண்டும் என்று முன்மொழிகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், எத்தனை விழுக்காடு என்பதோடு சேர்த்து. விகிதத்தைக் குறைத்துவிட்டோம் என்று ஊர் முழுவதும் சொல்லி வைத்திருந்த அந்த மனிதர், தாளைப் பார்த்து அந்த வாக்கியத்தை வேகவேகமாகப் படித்து முடித்தார். ஐந்து பேரும் கை தூக்கினார்கள். அடுத்த பொருள், தெற்குப் பாலத்துக்கு டெண்டர்.